மூட்டிமரத்து மழை

தெப்பநேரியில் தெப்பமும் கிடையாது, ஏரியும் கிடையாது. ஊருக்குத் தெற்கே ஒரு கண்மாய் மட்டும் உண்டு. அதில் தண்ணீர் நின்றதைக் கண்ணால் கண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த கடைசி மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், அந்தப் பள்ளம் கண்மாய்தான் என்பதை ஊர் ஒரு மரியாதைக்காக நம்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் மழையை அந்த ஊர் நேசித்த மாதிரி வேறெந்த ஊரும் நேசித்திருக்க முடியாது. சித்திரை பிறந்தால் வீட்டுக்கு வீடு வசூல் போட்டு, இரண்டு கழுதைகளுக்குப் பட்டுத்துணி கட்டி, மேளதாளத்தோடு தாலி கட்டவைத்து, வானத்தைப் பார்த்து ‘தாயே, கண்ணைத் தொறந்து பெய்யி’ என்று ஆணும் பெண்ணும் கதறுவார்கள். மறுநாள் காலையில் தீப்பெட்டி ஆலைக் களத்தில் குச்சிகளைப் பரப்பிக் காயப்போட்டுவிட்டு அதே வானத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு பொட்டு மேகம்கூட இல்லை, கடவுள் நம்மைக் கைவிடவில்லை என்று பெருமூச்சு விடுவார்கள். குச்சி காய்ந்தால்தான் கூலி. அப்பளமும் வத்தலும் காய்ந்தால்தான் வியாபாரம். அழுவது மழைக்கு, பிழைப்பது வெயிலில் என்று வெகுகாலமாக அந்த ஊர் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்துவந்தது.

அந்த ஊர் ஆலைத் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தவள் மாரிக்கனி. மழையும் பழமும் பேரிலேயே இருந்தும் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் ஐம்பது வயதுவரை வாழ்ந்துவிட்டவள். அவள் புருஷன் வெயிலுமுத்து, தீப்பெட்டி ஆலையில் காயப்போடும் களத்துக்கு மேஸ்திரி. சூரியனே தன்னிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் எழும்புகிறது என்கிற மாதிரி ஒரு நடை அவருக்கு. வீட்டில் அதிகம் பேசமாட்டார். மாரிக்கனியும் அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் பேசாததை யாரும் கவனித்ததில்லை, அவர் பேசாததை ஊரே கௌரவம் என்று சொன்னது.

ஒரு சாரல் காலத்தில் தெருப்பெண்கள் எல்லாரும் வேன் பிடித்துக் குற்றாலம் போனார்கள். அருவிக்குப் போகிற வழியில் ஒரு மலைக்காரப் பெண் ஓலைக்கூடையில் ரத்தச் சிவப்பாக ஒரு பழம் வைத்திருந்தாள். மூட்டிப்பழம் என்றாள். நடுக்காட்டில் இருக்கிற மரமாம். மற்ற மரங்களைப் போலக் கிளையில் காய்க்காமல், அடிமரத்தில், மண்ணைத் தொடுகிற மாதிரி கொத்துக் கொத்தாகக் காய்க்குமாம். எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கி வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினார்கள். மாரிக்கனிக்கு மட்டும் அந்தப் புளிப்பு நாக்கில் ஏறி, காதுக்குப் பின்னால் போய், அதுவரை வேலையில்லாமல் கிடந்த ஏதோ ஒன்றை எழுப்பி உட்காரவைத்தது. அவள் கொட்டைகளைத் துப்பாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“என்ன மதினி, காட்டை வீட்டுல வளக்கப் போறீகளோ?” என்றாள் பக்கத்து வீட்டு அன்னபாக்கியம். “நம்ம மண்ணுல கருவேலமே கடன் சொல்லித்தான் மொளைக்கிது.”

வேன் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் மாரிக்கனி ஊர் வந்ததும் முந்தானையை உதறியிருப்பாள். வீம்புக்குத்தான் புதைத்தாள். பாத்திரம் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில், கரிசலில் குழி தோண்டி, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தாள். எல்லாக் கொட்டையும் செத்துப்போய், ஒன்றே ஒன்று ஆடி கழிந்து ஒரு காலையில் பச்சையாகத் தலைநீட்டியது. அதற்கு மேலே, இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேகம் நின்று மழை பெய்துகொண்டிருந்தது.

மாரிக்கனி கையிலிருந்த செம்புத் தண்ணீரைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள். ஒரு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, செம்போடு உள்ளே போய் உளுந்தை ஊறப்போட்டாள்.

சாயங்காலம் வெயிலுமுத்து வந்து கைகால் கழுவப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“என்னது இது?”

“மேகம்.”

“அது தெரியிது. இங்க எதுக்கு?”

“செடிக்கு.”

“யாரு கொண்டாந்தது?”

“தானா வந்துச்சு. வெரட்டவா?”

அவர் கைகாலைக் கழுவினார். “களத்துப் பக்கம் வராமப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

செடி வளர மேகமும் வளர்ந்தது. செடி முழங்கால் உயரம் வந்தபோது மேகம் சுளகு அகலம் இருந்தது. செடி ஆளுயரம் வந்தபோது அது கல்யாணச் சமையல் அண்டா அளவுக்கு விரிந்து, சுவர் உயரத்துக்கு மேலே ஏறி, தெருவுக்கே தெரிந்தது. பிறகு ஊர் திரண்டது. மழையையே பார்த்திராத பிள்ளைகளைத் தோளில் தூக்கிவந்து, ‘அந்தா பாரு, அதுதான் மழை, தொடாத, சளி பிடிக்கும்’ என்று காட்டினார்கள். புதுப்பெண் மாப்பிள்ளைகள் வந்து நனைந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்னபாக்கியம் தன் பக்கத்துச் சுவரில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, உண்டியல் ஒன்றையும் வைத்து, சாமிக்குப் பக்கத்து வீடு என்பதால் தனக்கும் கொஞ்சம் பொறுப்பு இருப்பதாகச் சொன்னாள். நகராட்சியிலிருந்து ஒருத்தர் வந்து, நனையாத தூரத்தில் நின்றுகொண்டு, மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் மாரிக்கனி. மழையே பெய்யாத ஊரில் எல்லா வீட்டிலும் தொட்டி இருக்கிறது, மழை பெய்கிற ஒரே வீட்டில் தொட்டி இல்லையே, சட்டத்தை என்னவென்று நினைத்தீர்கள் என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். வானொலியில் தெப்பநேரிக்கு வழக்கம்போல வறண்ட வானிலை என்றே சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அதைக் கேட்டு, படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குடையை விரித்துக்கொண்டு மாவு வாங்க வந்தார்கள்.

இத்தனை கூத்தும் அடுத்த பொங்கல் வருவதற்குள் அலுத்துப்போனது. அதிசயம் தினமும் நடந்தால் அதற்குப் பேர் அக்கம்பக்கம். ‘மழை வீட்டுக்கு எதிர்த்தாப்ல’ என்று தபால்காரருக்கு வழி சொன்னதோடு சரி. மாரிக்கனி மட்டும் அதில் அலுக்கவில்லை. அந்த மழைத்தண்ணீரில் அரைத்த மாவு பூப்போலப் பொங்கியது. மாவு அரைத்து முடித்ததும் மரத்தடியில் போய் நிற்பாள். அடிமரத்தில் பாசி படர்ந்திருந்தது. யாரும் கூப்பிடாமலே தவளைகள் வந்திருந்தன. இவள் பேர்கூடத் தெரியாத நீலக்குருவி ஒன்று, மலையிலிருந்து எப்படியோ விலாசம் விசாரித்து வந்து கிளையில் உட்கார்ந்திருந்தது. அவள் முகத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டு நிற்பாள். வெயிலுமுத்து ஜன்னலிலிருந்து, “ஈரத்துல நிக்காத” என்பார். அவர் அந்த மழைக்குள் ஒருநாளும் கால்வைத்ததில்லை. தொழில் தர்மம்.

மலையில் காய்க்க இருபது வருஷம் ஆகுமாம். இங்கே அந்த மரம் நாலாவது வருஷமே காய்த்தது. தூரிலிருந்து இடுப்பு உயரம்வரை சிவப்புக் கொத்துகள், யாரோ மரத்துக்குச் சேலை கட்டிவிட்டது மாதிரி. மாரிக்கனி எவர்சில்வர் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். ஒருத்தர் புளிப்பு என்றார். ஒருத்தர், கேரளாவில் இதைவிட நன்றாக இருக்கும் என்றார், கேரளாவுக்குப் போகாதவர். அன்னபாக்கியம், “வாயில வைக்க முடியல மதினி, இன்னும் ரெண்டு குடுங்க, சரியாப் பாத்துச் சொல்லுதேன்” என்றாள். வெயிலுமுத்து ஒன்றைத் தின்றுவிட்டு, தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். மாரிக்கனிக்கு அன்று அதுவே போதுமாயிருந்தது.

காய்த்த மரம் அகன்றது, மேகமும் அகன்றது. முதலில் அன்னபாக்கியம் வீட்டுச் சுவரைத் தாண்டியது. ‘ஒங்க வீட்டு மழையில ரெண்டு சொட்டு எங்க முத்தத்துல விழுந்தாக் கொறஞ்சா போகும்’ என்று மூன்று வருஷமாக ஜாடை பேசிக்கொண்டிருந்தவள், அன்று நனைந்த வத்தலைச் சுளகோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் கொட்டினாள். பிறகு தெரு நனைந்தது. ஆவணியில் மேகம் நிதானமாக, வழி தெரிந்த மாடு மாதிரி நடந்துபோய், பின்பக்கம் இருந்த தீப்பெட்டி ஆலைக் களத்தின் மேல் நின்று, காயப்போட்டிருந்த அத்தனை குச்சிகள் மேலும் பெய்தது.

ஆலை முதலாளி பால்வண்ணநாதன், கழுதைக் கல்யாணத்துக்கு ஆண்டுதோறும் தாலி வாங்கிக்கொடுக்கிற பக்திமான். அவர் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார். மழை தெய்வம் என்றார். விவசாயி இல்லாமல் நாடில்லை என்றார். கண்ணீர்கூட வந்தது. அதன் பிறகு, மரத்தை வெட்டிவிட வேண்டும் என்றார்.

மாரிக்கனி அதுவரை எந்தக் கூட்டத்திலும் எழுந்ததில்லை. எழுந்தாள்.

“வருஷாவருஷம் கழுதைக்குக் கல்யாணம் முடிச்சுவச்சு மழை கேட்டீங்களே, முதலாளி. அது எதுக்கு?”

“கேக்குறது சம்பிரதாயம்மா” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. “பெய்யணும்னு யாரு சொன்னா?”

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார் பாருங்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலாளி பேச்சு மட்டும் என்றால் மாரிக்கனி அசைந்திருக்கமாட்டாள். ஆனால் களம் நனைந்ததிலிருந்து குச்சி அடுக்குகிற பெண்களுக்கு வேலை இல்லை. அவர்கள் வெயிலுமுத்துவின் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒருத்தி, “அண்ணாச்சி, அடுப்புல பூனை படுத்திருக்கு” என்றாள், அவ்வளவுதான். உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்த மாரிக்கனிக்குக் கை நின்றுவிட்டது. அன்று அரைத்த மாவு முழுவதையும் அவர்களுக்கே அளந்து கொடுத்தனுப்பினாள். மாவு தீர்ந்தது, அவர்கள் மறுநாளும் வந்தார்கள்.

“நான் என்ன செய்ய?” என்று கேட்டார் வெயிலுமுத்து. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

“நான் வெட்டுன்னு சொல்லமாட்டேன்” என்றாள் அவள். “வெட்டாதன்னும் சொல்ல முடியல.”

அவர் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டு, உடம்பில் ஒரு சொட்டு படாமல் இழுத்துக் கட்டிக்கொண்டு, ரம்பத்தோடு மரத்தடிக்குப் போனார். மாரிக்கனி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நீலக்குருவி பறந்தது. மரம் சாய்ந்தபோது பெரிய சத்தம் எதுவும் வரவில்லை; ஈரத்துணி விழுந்த மாதிரி ஒன்று. அன்று இரவுச் சோற்றை அவள் போட்டாள், அவர் தின்றார். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. இந்தத் தடவை அது அவருக்குத் தெரிந்தது.

முதலாளி வீணாக்குகிறவர் இல்லை. வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றி ஆலைக்கே கொண்டுபோனார். மேகம் பாடைக்குப் பின்னால் போகிற சொந்தக்காரர் மாதிரி பின்னாலேயே போனது. மரத்தைச் சீவிக் குச்சியாக அடிக்கச் சொன்னார். பலகை பலகையாகச் சீவ மேகமும் துண்டு துண்டாகப் பிரிந்தது; குச்சி குச்சியாக நறுக்க அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிந்தது. கடைசிக் குச்சிக்கு மருந்து முக்கிப் பெட்டியில் அடைத்தபோது வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஊர் வெடி போட்டது. மயில் படம் ஒட்டிய பெட்டிகள் லாரி லாரியாக வெளியூர் போயின. குச்சி அடுக்குகிற பெண்கள் வேலைக்குப் போனார்கள். தெப்பநேரியில் மறுபடி வெயில் அடித்தது, எல்லாருக்கும் நல்லபடியாக.

அப்புறம் புகார்கள் வர ஆரம்பித்தன. மதுரையில் ஒரு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் குச்சியை உரசினால், நெருப்பு வருகிறது, நெருப்புக்கு மேலே கட்டைவிரல் அளவு மேகம் வருகிறது, பெய்து அணைத்துவிட்டுப் போய்விடுகிறது. தூத்துக்குடியில் பீடி பற்றவைத்தவருக்கு மீசை நனைந்தது. ஒரு கோயிலில் சூடம் ஏற்றப்போன குருக்கள்மேல் தூறல் விழ, அபிஷேகம் ஆகிவிட்டது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முதலாளி முதலில் தளரவில்லை. ‘குளுமைத் தீப்பெட்டி, குழந்தைகள் கையில் கொடுக்கலாம்’ என்று புதுச் சீட்டு ஒட்டி அனுப்பிப் பார்த்தார். குழந்தைகள் மட்டும் வாங்கின. மிச்சம் அத்தனையும் திரும்பி வந்தது. எரிக்கலாம் என்றால் எரியாது. ஆலைக்குள் வைக்கலாம் என்றால் மற்ற குச்சிகள் நமத்துப்போகின்றன. கடைசியில், கேட்க ஆளில்லாத இடம் என்று, தெற்கேயிருந்த கண்மாய்க்குள் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். கொட்டுகிற வேலையை வெயிலுமுத்து மேற்பார்த்தார். அது முடிந்த மறுநாள், காயாத குச்சியைப் பார்த்து ஒதுக்கத் தெரியாத மேஸ்திரி எதற்கு என்று அவரை நிறுத்திவிட்டார்கள்.

பெட்டிகள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்ததும், பொடியாய்ப் போயிருந்த மேகம், திருவிழாவில் பிரிந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்வது மாதிரி, கண்மாய் மேல் கூடத் தொடங்கியது. மாரிக்கனி தன் வீட்டு முற்றத்திலிருந்து அதைப் பார்த்தாள். கடப்பாரையை எடுத்தாள். வெட்டுப்பட்ட தூரை வேர் அறாமல் தோண்டி, ஈரச்சாக்கில் சுற்றி, மாவு விற்கிற தள்ளுவண்டியில் ஏற்றினாள். தெரு வேடிக்கை பார்த்தது. அன்னபாக்கியம், “எங்க மதினி, பட்ட மரத்தை ஊர்வலம் கொண்டுபோறீக?” என்று கேட்டாள்.

“நம்ம மண்ணுல மொளைக்காதுல்ல. அதான், வேற மண்ணுக்கு” என்று சொல்லிக்கொண்டே மாரிக்கனி வண்டியைத் தள்ளினாள்.

கண்மாய்க் கரையின் உட்சரிவில் தூரை நட்ட அன்றே மழை வலுத்தது. கார்த்திகைக்குள் தூர் தளிர்த்தது. அட்டைப்பெட்டிகள் ஊறிக் கரைய, உள்ளே இருந்த குச்சிகள் ஒவ்வொன்றும் சிவந்த தலையைத் தூக்கிக்கொண்டு வேர்விட்டன. ஒரு தீக்குச்சிக்கு ஒரு கன்று. தைக்குள் கண்மாய்க்கரை நெடுகக் காடு, நடுப்பள்ளத்தில் தண்ணீர். மாரிக்கனி கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்து இறக்கி, இட்லிக்கடை வைத்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஊர் இதையும் செரித்துக்கொண்டது. முதலாளி, மழையின் தொல்லை இல்லாத வேறோர் ஊரில் ஆலையை வைத்துவிட்டு, கண்மாய்க்கரையில் ‘இந்நீர்நிலை பால்வண்ணநாதன் அவர்களின் கொடை’ என்று கல் நாட்டினார். கொட்டியவர் அவர் என்பதால் அதில் பொய் ஒன்றும் இல்லை. பாதிப் பெண்கள் ஆலை வேனில் அந்த ஊருக்கு வேலைக்குப் போனார்கள். பாதிப் பேர் கண்மாய்க்குக் கீழே நாற்று நட்டு, நடும்போது சேற்றைத் திட்டினார்கள். அன்னபாக்கியம் சுற்றிப்பார்க்க வருகிறவர்களிடம், விதையைத் தான்தான் குற்றாலத்திலிருந்து கொண்டுவந்ததாகச் சொன்னாள். வெகுவிவரமாகச் சொன்னதால் மாரிக்கனியே சில நாள் அதை நம்பினாள்.

வெயிலுமுத்து தனியாக இருந்தார். ஆலைத் தெரு வீட்டில் ஓடு சுட்டது, தரை சுட்டது, கட்டிலில் படுத்தால் முதுகு சுட்டது. வாழ்நாளெல்லாம் வெயிலைக் கட்டி மேய்த்தவருக்கு இப்போது அதனோடு ஒரு வீட்டில் இருக்க முடியவில்லை. கஞ்சி வைத்தார். கஞ்சியில் உப்புப் போட்டோமா என்று கேட்க ஆளில்லாததால் சில நாள் இரண்டு தடவை போட்டார். அப்புறம் தினமும் மத்தியானம் கண்மாய்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அங்கே மழை சுவர் மாதிரி நிற்கும்; இந்தப் பக்கம் புழுதி, அந்தப் பக்கம் ஈரம். புழுதியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். மாரிக்கனி மாவு அரைத்தபடியே அதைப் பார்ப்பாள். ஒருநாளும் கூப்பிடவில்லை. ஒருநாள் அவர் வரத் தாமதமானபோது அவள் கை இரண்டு தடவை நின்றது.

மாசியில் மரங்கள் காய்த்தன. அத்தனை கன்றிலும், தூரோடு தூராக, சிவப்பு. அன்று மத்தியானம் வெயிலுமுத்து வந்தபோது ஒரு புதுக் குடை கொண்டுவந்திருந்தார். விரித்துப் பிடித்துக்கொண்டு, மழை தொடங்குகிற இடத்தில் கால் பெருவிரல் நனையாத அளவுக்கு ஒட்டி நின்றார்.

“கனி.”

அவள் அடிமரத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வெட்டுனது நாந்தான்” என்றார்.

“பாத்துக்கிட்டு நின்னது நாந்தான்” என்றாள்.

பழைய தூருக்குப் பக்கத்தில் தவளை ஒன்று குதித்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார், அதுதான் தனக்குப் பதில் சொல்லப்போகிறது என்கிற மாதிரி.

“கஞ்சிக்கு உப்பு சேர மாட்டேங்கிது” என்றார் கடைசியில். பிறகு, ஒருநாளும் யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டிராத குரலில், “உள்ள வரலாமா?” என்றார்.

மாரிக்கனி அவரை முழுசாக, மெதுவாகப் பார்த்தாள்; வெளுத்துப்போன சட்டை, வெடித்த உதடு, தலைக்கு மேலே விறைப்பாக நின்ற புதுக் குடை.

“கொடையை வெளிய வச்சிட்டு வாங்க.”

வெயிலுமுத்து குடையை மடக்கினார். அதைக் காய்ந்த தரையில் படுக்கவைத்து, பக்கத்தில் செருப்பையும் கழற்றி விட்டுவிட்டு, மழைக்குள் கால் வைத்தார்.